முத்துமாரி தொட்டியில் விழுந்த வெள்ளைப் புள்ளி

"பாருங்க அண்ணாச்சி. இந்தக் கைதான்."

முத்துமாரி இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். பட்டாசுக் கம்பெனி வேன் அப்போதுதான் அவரைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் நேரே மாடிக்கு ஏறி வந்திருந்தார். கை முழுக்க அலுமினியப் பொடி. ரேகைக்குள் இறங்கி, நகக்கண்ணில் அப்பி, சாயங்கால வெயிலில் ஈயம் பூசிய பாத்திரம்போல மினுங்கியது.

மாடியில் மூன்று சிமெண்ட் தொட்டிகள். மேலே பழைய கொசுவலை. கடைசித் தொட்டியில் ஒரு கறுப்பு மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. உடம்பெல்லாம் ரவையைத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி. இன்னொன்று தொட்டிச் சுவரில் போய்ப் போய் உரசியது. முதுகு அரித்தால் மாடு தூணில் உரசுமே, அப்படி.

"இந்தப் பொடிதான் அதுக மேல ஒட்டியிருக்கு. களுவிட்டுத்தான் தொட்டேன். தேச்சுத் தேச்சுக் களுவினேன். போக மாட்டேங்கு. எங் கை பட்ட தண்ணி அதுகளுக்கு ஆகல அண்ணாச்சி."

அது உண்மையில்லை. அந்த மீன்களைத் தின்றுகொண்டிருப்பது எது, அது யார் வீட்டிலிருந்து அந்தத் தொட்டிக்கு வந்தது, இரண்டுமே எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்காகத்தான் படியேறி வந்திருந்தேன்.

வாயைத் திறந்தேன்.

"உப்புப் போட்டாச் சரியாயிரும்மா" என்றேன்.

ஒரு வரிக்காரன்

தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே, ராகு காலத்துக்கும் சூலத்துக்கும் நடுவே, ஒரு வரி வருமே, பார்த்திருப்பீர்கள். கிழிக்கும்போது கண்ணில் பட்டுக் குப்பையில் விழுகிற வரி. அதை எழுதுகிறவன் நான். சிவகாசியில் அச்சகம் அச்சகமாக வருஷம் முழுக்க அடுத்த வருஷத்துக்கான வரிகளை எழுதிக் கொடுக்கிறேன். மீதி நேரத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அதற்கும் மீதி நேரத்தில், நீங்கள் பொறுத்துக்கொண்டு படிக்கிற இந்தத் தொடர்.

ஒரு வரி என்றால் கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்க வேண்டும். அதனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைப் பார்த்தாலும் அது என்ன என்று கேட்பதற்கு முன்னால் அது எது மாதிரி இருக்கிறது என்று மனசு சொல்லிவிடும். மழைக்கு முந்தின வானத்தைப் பார்த்தால் குடை எடுக்கத் தோன்றாது. உவமை எடுக்கத் தோன்றும். நனைந்துகொண்டே வீட்டுக்கு வருவேன்.

சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் ஒரு ஜோடிக் கறுப்பு மீன்களைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதுரையில் ஒரு சந்தையில் வாங்கிய மீன்கள். கன்னங்கரேலென்று இருக்கும். அந்தக் கறுப்பின்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் புள்ளிகள். 'இரவைக் கத்தரித்துத் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள், நட்சத்திரங்களோடு' என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு முறை வாசித்தேன். வாசகர்கள் சிலர் போன் செய்து பாராட்டினார்கள். ஒரு அம்மா அழுதேன் என்றார்.

நான் அப்போது அழவில்லை. நன்றாகக் காபி குடித்தேன்.

வேன் ஏறாத தீபாவளி

முத்துமாரி வீடு எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றுகிறார். முத்துமாரிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் இத்தனை வருஷமாக 'நீ' என்றுதான் பேசினேன். அவர் என்னை 'நீங்க' என்றார். இரண்டு பேரில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரிந்ததில்லை என்று எழுத வந்தேன். எனக்குத் தெரிந்ததில்லை என்பதுதான் சரி. அவருக்குத் தெரிந்ததா என்று நான் கேட்டதில்லை.

வாய்த்துடுக்கு அதிகம். தெருவில் என்னைப் பார்த்தால் சும்மா விட மாட்டார்.

"நேத்து வரி நல்லாயிருந்துச்சு அண்ணாச்சி."

"அப்படியா? எந்த வரி?"

"அது யாருக்குத் தெரியும். அதுலதான் பேரனுக்கு மிச்சர் மடிச்சுக் குடுத்தேன். எண்ணெய் ஒட்டவே இல்ல. நல்ல தாளு."

ஒரு வருஷத்துக்கும் முன்னால் போனில் எதையோ பார்த்து மீன் வளர்க்க ஆரம்பித்தார். முதலில் ஒரு தொட்டி. அதில் கப்பி என்கிற சின்ன மீனின் குஞ்சுகள். விருதுநகரில் ஒரு மீன் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். அப்புறம் இரண்டாவது தொட்டியில் மோலி மீன். அதுவும் விலைபோனது. மூன்றாவது தொட்டி கட்டியபோது தெருவுக்கே அறிவித்துவிட்டார்.

"இந்தத் தீவாளியோட சரி. தீவாளி கழிஞ்சு கம்பெனி தொறக்கும்போது வேன் ஆரன் அடிப்பான். நான் மாடியில நின்னு டாட்டா காட்டுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதில் விளையாட்டு இல்லை. இந்த ஊரில் காலையில் வேன் ஏறுகிற ஒவ்வொருவரும் எதை எண்ணிக்கொண்டு ஏறுகிறார்கள், வீட்டில் இருப்பவர்கள் மத்தியானம் எந்தச் சத்தத்துக்குத் தலை தூக்குகிறார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை. வேனிலிருந்து இறங்கிவிட ஒரு வழி அந்த மாடியில் நீந்திக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது தொட்டிக்கு என் பரிசாக அந்தக் கறுப்பு ஜோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. சின்னதாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன்.

முத்துமாரி பாலித்தீன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, புள்ளி வச்சிருக்கு? மோலியில இப்படி நான் பாத்ததில்லையே."

"இது புது ரகம்."

"வாங்கும்போது கடையில சொன்னாகளா?"

"ஆமா" என்றேன். கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"படிச்சவுக சொன்னாச் சரிதான்" என்று தொட்டியில் விட்டார்.

அடுத்த சில நாளிலேயே தெருவில் என்னை நிறுத்தினார். "உங்க நட்சத்திரம் பூரா உதுந்துபோச்சு அண்ணாச்சி. இப்ப வெறுங் கறுப்பு. சாயம் போற ரகமா?" நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். அவரும் சிரித்தார். அப்போதும் கேட்டிருக்கலாம். புள்ளி உதிர்ந்தால் எங்கே போகும் என்று ஒரு குழந்தைகூடக் கேட்கும்.

உதிர்ந்தது எங்கே போயிற்று

அந்த வாரத்தில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. அதனால்தான் இவ்வளவும்.

ஒன்று, கம்பெனியில் சீசன் ஆர்டர் முட்டிக்கொண்டு வந்தது. அதுவரை காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த முத்துமாரியைப் புஸ்வாணம் என்கிற பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். இங்கே மருந்து என்றால் வெடிமருந்து. வெள்ளைப் பூ கொட்டுவதற்கு அலுமினியப் பொடி சேர்ப்பார்கள். அன்றிலிருந்து அவர் கை வெள்ளிக் கையாயிற்று.

இரண்டு, அவர் தொட்டிகளில் எல்லா மீனுக்கும் வெள்ளைப் புள்ளி வந்தது. முதலில் மூன்றாவது தொட்டி. அப்புறம் மூன்றுமே. மூன்றுக்கும் ஒரே வலைதான்.

வேறு ஊர்க்காரர் யாராவது இருந்தால் மீனுக்கு நோவு என்று சட்டென்று நினைத்திருப்பார். இந்த ஊரில் வெள்ளையாக எதன்மேல் எது ஒட்டியிருந்தாலும் பொடி என்றுதான் நினைப்போம். சட்டைக் காலரில், சைக்கிள் கைப்பிடியில், தூக்குவாளி மூடியில், குழந்தை கன்னத்தில். பொடி ஒட்டாத பொருள் இல்லை. வேலை முடிந்து வந்து குஞ்சு பொறுக்கிய கை, தீனி போட்ட கை, பாசி வழித்த கை. அதில் பொடி. மீனிலும் பொடி. கணக்கு நேராக இருந்தது.

முத்துமாரி அந்தக் கணக்கை நம்பினார். சோப்புப் போட்டுக் கழுவினார். புளி போட்டுத் தேய்த்தார். கடைசியில் மண்ணெண்ணெய். தோல் வெடித்து, வெடித்த இடத்திலும் பொடி போய் உட்கார்ந்தது.

நட்சத்திரத்தின் லாடம்

அந்த ஜோடியைக் கொடுப்பதற்கு முன் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் சில நாள் வைத்திருந்தேன். அதில் என் மனைவி சாந்தி ஆசையாக வளர்த்த தங்க மீன் ஒன்று இருந்தது. அதன்மேலும் புள்ளி வந்தது. செத்தும் போனது.

சாந்திக்கு டவுனில் ரத்தம் சோதிக்கிற லேப் ஒன்றில் வேலை. செத்த மீனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"கவிஞரே, உங்க நட்சத்திரத்தப் பாத்துட்டு வந்தேன்."

"எதுல?"

"மைக்ராஸ்கோப்புல. தோலச் சொரண்டி வச்சுப் பாத்தேன். உருண்டையா இருக்கு. சுத்தி மயிரு. அத வச்சுச் சொளண்டுக்கிட்டே கெடக்கு. உள்ள குதிர லாடம் மாதிரி ஒண்ணு வளைஞ்சிருக்கு. நட்சத்திரத்துக்கு யாரு லாடம் அடிச்சது?"

அன்று சாந்தி போனில் தேடியும், கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டும் எனக்கு விளக்கினாள். அது ஓர் ஒட்டுண்ணி. ரொம்பச் சாதாரணமாக வருகிற நோய்தான். மீனின் தோலுக்கு அடியில் புகுந்து தின்னும். அப்போதுதான் நம் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தெரிகிற அந்த நேரத்தில் எந்த மருந்தும் அதை எட்டாது. தின்று கொழுத்ததும் உதிர்ந்து அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். மீன் குணமாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம். அடியில் ஒன்று நூறு நூறாகப் பிரிந்து, வெளியே வந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தும். அந்தத் தேடுகிற பொழுதில், நமக்கு ஒன்றுமே தெரியாத பொழுதில்தான், அதைக் கொல்ல முடியும்.

"கல்லு உப்புப் போடணும். அயோடின் கலந்த பொடி உப்பு ஆகாது. கரைச்சுக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தணும். அடியில கெடக்கிறதக் குளாய் போட்டு உறிஞ்சி எடுக்கணும். மளத் தண்ணி விளாமப் பாத்துக்கிடணும், தண்ணி வெதுவெதுன்னு இருந்தாத்தான் அது சீக்கிரமா வெளிய வரும். காத்து மோட்டரு நிக்கவே கூடாது. புள்ளி போனாலும் விட்டுறக் கூடாது."

"சரி."

"போய் முத்துமாரிகிட்டச் சொல்லுங்க. அவ என்னமோ எங் கை, எங் கைன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. நம்ம தங்க மீன அவ தொட்டாளா? உங்க ஜோடியில இருந்து வந்ததுன்னு சொல்லுங்க."

"சொல்றேன்."

"எழுதிக் குடுத்துட்டு வந்துறாதீக. வாயால சொல்லுங்க."

அப்படித்தான் அந்தப் படி ஏறினேன். ஏறிப் போய்த்தான் அந்த இரண்டு உள்ளங்கைகளின் முன்னால் நின்றேன்.

ஏன் சொல்லவில்லை? அந்த வாரம்தான் நட்சத்திரக் கட்டுரை அச்சாகி வந்திருந்தது. தெருவில் நாலு பேர் படித்திருந்தார்கள். அது ஒரு காரணம். ஆனால் அதைவிடக் கேவலமான காரணம் ஒன்று உண்டு. அவர் கைகளை விரித்துக் காட்டியபோது எனக்கு வந்தது நிம்மதி. பழி போய் உட்கார ஓர் இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அவரே அதைத் துடைத்துப் பாய் விரித்து வைத்திருந்தார். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

சாந்தியிடம், "சொல்லிட்டேன்" என்றேன்.

அண்ணாச்சிக்கு நல்ல மனசு

உப்பை வாங்கிக்கொண்டு மறுநாளே போனேன். முத்துமாரி தொட்டியின் பக்கம் வரவில்லை.

"நீங்களே போடுங்க அண்ணாச்சி. எங் கை வேண்டாம்."

மாடிச் சுவரோரம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டி உப்பை அள்ளி அப்படியே தொட்டியில் கொட்டப் போனேன்.

"ஏ அண்ணாச்சி! கறிக் குளம்புக்காப் போடுதீக? கரைச்சு ஊத்துங்க! அங்கன வாளி இருக்கு பாருங்க!"

தூரத்திலிருந்தே கத்தினார். கரைத்து ஊற்றினேன். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். அழுக்குத் தண்ணீர் வாய்க்குள் போய்த் துப்பினேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே கவலையானார். "சிவப்பு ஒண்ணு மூலையில ஒதுங்கிக் கெடக்கே, அதுக்கு மூச்சு இருக்கா பாருங்க. சாய்ச்சுப் பாருங்க. மெதுவா." ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார். நினைவு வந்து பின்னால் போனார்.

தினமும் இப்படி. நான் தொட்டியில். அவர் சுவரோரம். அவர் கட்டிய தொட்டி. அவர் வளர்த்த குஞ்சு.

எதிர் மாடியில் வற்றல் காயப்போட வந்த அம்மா பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார். "முத்துமாரி, நீ குடுத்து வச்சவடி. அண்ணாச்சியே வந்து உந் தொட்டியக் களுவுறாக. எம்புட்டு நல்ல மனசு!"

"ஆமாக்கா. எங் கை ராசி அப்படியாப் போச்சு" என்றார் முத்துமாரி.

அந்த அம்மாவுக்கு நான் ஒரு சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தேன். பணிவான சிரிப்பு. எனக்கு அது நன்றாக வரும்.

மேலிருந்து ஊற்றிய தண்ணீர்

எங்கள் அப்பா காலத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. காலண்டர் தாள் அடுக்க, மடிக்க, தகரம் அடிக்கப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வருவார்கள். மத்தியானம் பின்வாசலில் தண்ணீர் கேட்பார்கள். உள்ளே பானை இருந்தது. ஆனால் எங்கள் அம்மா ஒரு செம்பில் மொண்டு வந்து, அவர்கள் குவித்த கையில் உயரத்திலிருந்து ஊற்றுவார். எல்லாருக்கும் இல்லை. சிலருக்கு. யாருக்கு என்று அம்மாவுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். கேட்காமலே கையைக் குவித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்பார்கள்.

எனக்கு அப்போது அது ரொம்பப் பிடிக்கும். தண்ணீர் கயிறு மாதிரி இறங்குவதும், வெயில் அதில் முறுகுவதும், அவர்கள் முழங்கை வழியே சொட்டுவதும். பிற்பாடு அதைக் காலண்டருக்கு ஒரு வரியாகக்கூட எழுதினேன். கொடுப்பவர் கை உயரத்தில், வாங்குபவர் தாகம் பள்ளத்தில், நடுவில் ஓர் அருவி என்று ஏதோ. அச்சாகிக் கிழிபட்டுப் போயிற்று.

அதன் பெயர் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. இன்று கேட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பார்கள்.

முத்துமாரியின் சனம் அந்தக் குவித்த கைகளின் சனம். அவர் 'எங் கை பட்ட தண்ணி ஆகல' என்று சொன்னபோது அந்த வாக்கியத்தை அவர் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அது அவருக்கு முன்னாலேயே இருந்தது. யார் யாரோ சொல்லி, அவர் வீட்டுக்குள் வந்து தங்கியிருந்தது. தொட்டியில் மீன் செத்ததும் தானாக எழுந்து வந்தது. இல்லை என்று மறுக்கக் கையில் ஆதாரம் வைத்திருந்த ஒரே ஆள் நான். நான் உப்புக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது

புரட்டாசி வெயில் தலையைப் பிளந்த ஒரு நாள். மாடிக்கு ஏறும்போதே முத்துமாரி போனில் பேசுவது கேட்டது. விருதுநகர் மீன் கடைக்காரரிடம்.

"மூணு தொட்டி மீனையும் அள்ளிக்கிட்டுப் போயிருங்க... நோவு தீந்த பெறகு வந்தாப் போதும்... இல்ல, இனிமே வளக்கல... அட, ஒண்ணுமில்லங்க. எனக்கு ஒத்து வரல."

போனை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் குழாயைத் தொட்டியில் இறக்கினேன். தண்ணீர் கீழே வாளிக்குள் ஓட ஆரம்பித்தது.

"கம்பெனி ஏஜெண்டுகிட்டயும் சொல்லிட்டேன் அண்ணாச்சி. தீவாளி கழிஞ்சும் வாரேன்னு. இந்தக் கைக்கு மருந்தடைக்கத்தான் தெரியும். உசுரு வளக்கத் தெரியல." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"கை இல்ல முத்துமாரி" என்றேன்.

"பின்ன?"

"நான் குடுத்த ஜோடி. அந்தப் புள்ளிதான் நோவு. புது ரகம் இல்ல. எங்க வீட்டுத் தங்க மீனும் அதுலதான் செத்துச்சு. சாந்தி லேப்புல வச்சுப் பாத்தா. உயிருள்ள பூச்சி அது. பொடி இல்ல. உன் கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. இன்றைக்குக் காலையில்தான் என்று.

"நீ கைய விரிச்சுக் காட்டுனியே. அதுக்கு முந்தியே."

வாளி நிரம்பி வழிந்தது. என் காலடியில் ஓடியது. குழாயை எடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"மீனு செத்தது போட்டும்" என்றார். குரல் உயரவே இல்லை. "தெரியாமக் குடுத்தீக. ஒரே வலையப் போட்டு மூணு தொட்டியையும் கலக்குனது நான்தான். அதுக்கெல்லாம் உங்களச் சொல்ல மாட்டேன். ஆனா நான் இங்கன, எம் மாடியில, எந் தொட்டிக்குத் தள்ளி, கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேனே. அதத் தினமும் பாத்துக்கிட்டுத்தான அண்ணாச்சி இருந்தீக?"

வெடித்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சேன். பேரன் நாத்தம் அடிக்குன்னு மடிக்கு வர மாட்டேன்னுட்டான்."

கீழே இறங்கிப் போனார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எல்லாரும் கழுவுவது மாதிரி ஒரே ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஏறி வந்தார். முந்தானையில் துடைத்தார்.

"பொடியும் நல்லதில்லதான். அதுக்காகக் களுவுதேன். தள்ளுங்க."

என் கையிலிருந்த குழாயை வாங்கினார். முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டார். மூலையில் ஒதுங்கிக் கிடந்த சிவப்பு மீனுக்கு அடியில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சும்மா வைத்துக்கொண்டார். அது விலகவில்லை.

"எம்புட்டு உப்பு, எப்ப ஊத்தணும், எல்லாம் சாந்தி அக்காகிட்டக் கேட்டுக்கிடுதேன். இனிமே நீங்க இந்தத் தண்ணியில கை வைக்காதீக."

"சரி."

"அங்கன போங்க."

அவர் காட்டிய இடம் மாடிப்படியின் கடைசிப் படி. போய் நின்றேன்.

ஆரன் சத்தம்

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன். முன்பே சொல்லிவிட்டதாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவள் கல்லுப்புப் பையை எடுத்துக்கொண்டு முத்துமாரி வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. தட்டை மட்டும் வைத்தாள்.

மூன்றாவது தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. கப்பிகள் பாதிக்குமேல் போயின. மோலிகள் உப்பைத் தாங்கி நின்றன. புள்ளிகள் போன பிறகும் முத்துமாரி விடவில்லை. உப்பு ஊற்றினார், அடியை உறிஞ்சினார், மழை இருட்டிக்கொண்டு வந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டார். தொட்டிக்கு ஒன்றாகத் தனித்தனி வலை வாங்கினார். கடைக்காரர் மீன் அள்ள வந்தபோது, "அள்ளவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். குஞ்சு எடுக்க வாங்க, போதும்" என்று அனுப்பினாராம். சாந்தி வந்து சொன்னாள்.

தீபாவளி கழிந்து கம்பெனி திறந்த அன்று காலையில் தெருமுனையில் வேன் நின்றது. ஆரன் அடித்தது. மறுபடி அடித்தது. நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

"நான் வரல! நீ போப்பா!" என்று மாடியிலிருந்து சத்தம் கேட்டது. வேன் போயிற்று. டாட்டா காட்டினாரா என்று என் ஜன்னலிலிருந்து தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன வாரம் போய்க் கடைசிப் படியிலேயே நின்றேன். முத்துமாரி குனிந்து குஞ்சுகளை வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை நனைந்திருந்தது. வெடிப்புகள் ஆறியிருந்தன.

"உங்களைப் பத்தி எழுதட்டுமா? நீங்க வேண்டாம்னு சொன்னா..."

"இதென்ன புதுசா நீங்க, வாங்க?" திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

இன்னொரு குஞ்சைத் தனியே எடுத்து விட்டார்.

"எழுதுங்க. பேர மாத்தாதீக. முத்துமாரின்னே போடுங்க. நீங்க சொல்லாம நின்னதயும் போடுங்க. அத அளகாப் போடாதீக."

"சரி."

தொட்டியில் என்னவோ பளிச்சென்று திரும்பியது. புதுக் குஞ்சாக இருக்கும். பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு காலை மாடித் தளத்தில் எடுத்து வைத்தேன்.

"அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி" என்றார் முத்துமாரி. "அங்கனருந்து பேசுனாலே கேக்குது."